ஒரு நர்ஸ் எப்போதும் இருக்க, ஐந்து நர்ஸ் வேண்டும்

ஒரு வார்டில் பகலும் இரவும் வருடம் முழுக்க ஒரு நர்ஸ் இருந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்கு எத்தனை பேரை வேலைக்கு எடுக்க வேண்டும்? கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் நண்பரிடம் கேட்டேன். யோசிக்காமல் மூன்று என்றார். மூன்று ஷிப்ட், ஆளுக்கு எட்டு மணி நேரம், முடிந்தது கணக்கு. அப்போ வார விடுமுறை? லீவு? காய்ச்சல்? என்று கேட்டதும், சரி நாலு என்று ஏற்றினார், ஏலம் கேட்கிற மாதிரி.

போட்டுப் பார்ப்போம். வருடத்துக்கு 8,760 மணி நேரம். வாரம் ஐந்து நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் வேலை என்று வைத்தால் ஒருவருக்கு 260 வேலை நாள். அதில் 25 நாள் சொந்த விடுப்பு, 10 நாள் பொது விடுமுறை, 8 நாள் உடம்பு சரியில்லாமல் போவது, 5 நாள் பயிற்சி என்று கழித்தால் மிஞ்சுவது 212 நாள், அதாவது 1,696 மணி நேரம். 8,760ஐ அதால் வகுத்தால் 5.2 வருகிறது. ஷிப்ட் மாறும்போது யாருக்கு என்ன மருந்து, யாருக்கு மூச்சு திணறுகிறது என்று ஒப்படைத்துவிட்டுப் போக அரை மணி நேரமாவது இரண்டு பேரும் சேர்ந்து நிற்க வேண்டும், அதையும் சேர்த்தால் ஐந்தரை. வாரம் ஆறு நாள் வேலை வாங்குகிற இடங்களில் நாலுக்குக் கொஞ்சம் மேலே வந்து நிற்கும். பிரசவ விடுப்பை நான் இன்னும் சேர்க்கவே இல்லை, அதுவும் பெரும்பாலும் பெண்கள் வேலை செய்கிற துறையில்.

இந்தச் சின்னக் கணக்கை முதலிலேயே போட்டதற்குக் காரணம் இருக்கிறது. அரசு மருத்துவச் சேவைக்கு எவ்வளவு செலவழிக்கிறது என்ற பேச்சு எப்போதும் கோடிகளில் நடக்கும். ஆள் பற்றாக்குறை பற்றிய பேச்சு தனியாக வேறொரு மேசையில் நடக்கும். ஆனால் ஒரு மருத்துவமனையை நடத்தும் செலவில் சுமார் பாதி, பல நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கு வரைக்கும், சம்பளம்தான். மருந்து, கருவி, மின்சாரம், துணி வெளுப்பது எல்லாம் மீதியில். ஆகவே செலவைக் கட்டுப்படுத்துகிறோம் என்று நிதித்துறை சொன்னால் எங்கோ ஒரு டூட்டி சார்ட்டில் ஒரு பெயர் குறையப் போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம், அநேகமாகத் தப்பாகாது. தலைகீழாகப் பார்த்தால்தான் இடறுகிறது. பணம் ஏறினால் பெயர் ஏறுமா என்றால், பல நேரம் ஏறுவதில்லை. கருவூலத்திலிருந்து கிளம்பிய பணம் டூட்டி சார்ட்டில் ஒரு பெயராக மாறுவதற்குள் எங்கெல்லாம் நின்றுபோகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் விலைவாசி. சுகாதாரத்துக்கு ஒதுக்கீடு 8 சதவீதம் உயர்வு என்று ஒரு அறிவிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருக்கிற ஊழியர்களின் வருடாந்திர ஊதிய உயர்வும் விலைவாசிக்கான படியும் சேர்ந்தே ஆறு சதவீதத்தைத் தின்றுவிடும். மருந்து விலை ஏறியிருக்கும், ஓய்வூதியச் சுமை ஏறியிருக்கும். கடைசியில் புதிதாக ஆள் எடுக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஆனால் செய்தியில் 8 சதவீதம்தான் இருக்கும். சம்பளம் ஏறுவதைக் குறையாகச் சொல்லவில்லை, அது ஏறாவிட்டால் இருக்கிறவர்களும் போய்விடுவார்கள். உயர்வு என்ற சொல் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

இந்தக் குழப்பம் புதிதும் இல்லை. பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையான என்.ஹெச்.எஸ். 1948 ஜூலை 5 அன்று தொடங்கியது. ஆரம்ப வருடங்களிலேயே செலவு மதிப்பீட்டைத் தாண்டி ஓட, ஐயோ கஜானா காலியாகிறது என்று ஒரே கூச்சல். 1951இல் மூக்குக் கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் கட்டணம் வைத்தார்கள், அதைப் பொறுக்காமல் அந்தச் சேவையைத் தொடங்கிவைத்த அனைரின் பெவன் அரசிலிருந்தே விலகினார். 1953இல் இந்தச் செலவை ஆராய பொருளாதார அறிஞர் கில்லெபோ தலைமையில் ஒரு குழு போட்டார்கள். எங்கே வெட்டலாம் என்று குழு சொல்லும் என்பது எதிர்பார்ப்பு. 1956இல் வந்த அறிக்கை வேறு கதை சொன்னது. வெறும் பவுண்டுக் கணக்கில் செலவு ஏறியிருந்தாலும், நாட்டின் மொத்த உற்பத்தியில் பார்த்தால் 1949-50இல் 3.75 சதவீதமாக இருந்தது 1953-54இல் 3.25 சதவீதமாக இறங்கியிருந்தது. எல்லோரும் கட்டுக்கடங்காமல் வீங்குகிறது என்று நம்பிய ஒன்று, அளந்து பார்த்தபோது மெலிந்திருந்தது.

சரி, இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மருத்துவச் செலவு நீண்ட காலத்தில் மற்ற செலவுகளைவிட வேகமாக ஏறும் என்பதும் உண்மைதான். அதற்கு 1960களில் வில்லியம் பாமல் என்ற பொருளாதார அறிஞர் ஒரு விளக்கம் கொடுத்தார். தொழிற்சாலையில் ஒரு ஆள் முன்பு பத்து பொருள் செய்தால் இன்று இயந்திரத்தின் உதவியோடு நூறு செய்கிறார், அதனால் அவருக்குச் சம்பளத்தைக் கூட்டினாலும் பொருளின் விலை ஏறாமல் பார்த்துக்கொள்ள முடிகிறது. நாலு பேர் வாசிக்கிற ஒரு இசை உருப்படியை இருநூறு வருடத்துக்கு முன்னாலும் நாலு பேர்தான் வாசித்தார்கள், இன்றைக்கும் நாலு பேர் வேண்டும், அதே நேரம் வேண்டும். ஆனால் அந்த நாலு பேருக்கும் இன்றைய சம்பளம் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் தொழிற்சாலைக்குப் போய்விடுவார்கள். படுக்கையில் இருக்கும் பெரியவரைத் திரும்பிப் படுக்கவைக்க எடுக்கும் நேரமும் அப்படித்தான். அதை எந்த மென்பொருளாலும் பாதியாக்க முடியவில்லை. ஆக, ஒரே எண்ணிக்கையில் ஆட்களை வைத்துக்கொள்வதற்கே வருடா வருடம் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க வேண்டியிருக்கும். நின்ற இடத்தில் நிற்கவே நடக்க வேண்டும். இதை வீண்செலவு என்று திட்டுகிறவர்கள் உண்டு.

அடுத்து நிற்கும் இடம், பணியிடம். ஆள் என்பதும் பணியிடம் என்பதும் வேறு வேறு. பணியிடம் என்பது ஒரு கோப்பில் இருக்கும் அனுமதி. இந்த மருத்துவமனைக்கு இத்தனை டாக்டர், இத்தனை நர்ஸ், இத்தனை லேப் டெக்னீஷியன் என்று என்றைக்கோ யாரோ கையெழுத்துப் போட்டது. அன்றைக்கு நூறு படுக்கையாக இருந்தது இன்று இருநூற்றைம்பதாக ஆகியிருக்கும், புறநோயாளிகள் மூன்று மடங்காகியிருப்பார்கள், பட்டியலோ பழையதாகவே இருக்கும். அப்போது பணியிடங்கள் நூறு சதவீதம் நிரம்பியிருக்கின்றன என்று ஒரு அறிக்கை சொன்னால் அது பொய்யும் இல்லை, ஆறுதலும் இல்லை. வேலைப்பளுவை அளந்து, ஒரு வேலைக்கு எவ்வளவு நிமிடம், வருடத்துக்கு எத்தனை முறை என்று பெருக்கி ஆள் தேவையைக் கணக்கிடும் ஒரு முறையை உலக சுகாதார நிறுவனமே வெளியிட்டிருக்கிறது. அதைப் போட்டுப் பார்த்தால் எண்ணிக்கை கூடிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே பல அரசுகள் அந்த விஷப்பரீட்சையில் இறங்குவதில்லை.

கட்டடத்துக்கும் ஆளுக்கும் நடுவே ஒரு விசித்திரமான போட்டியும் உண்டு. கட்டடச் செலவு ஒரு முறை வருவது, கடன் வாங்கியும் கட்டலாம், திறப்பு விழா வைக்கலாம், கல்வெட்டு பதிக்கலாம். சம்பளச் செலவு முப்பது வருடத்துக்கு மாதா மாதம் வரும், அப்புறம் ஓய்வூதியமாகவும் வரும். நர்ஸுக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுத்ததற்காக யாரும் எங்கும் கல்வெட்டு வைத்ததில்லை. அதனால்தான் புது பிளாக் திறந்த பிறகு அதற்கு ஆள் எங்கே என்று பார்த்தால், பழைய பிளாக்கிலிருந்து பாதிப் பேரை அங்கே மாற்றிவிட்டிருப்பார்கள். இரண்டு பிளாக், அரை அரை ஆள்.

இப்போது காலியிடம் என்பதற்கு வருவோம், ஏனென்றால் பணமும் ஆளும் நேருக்கு நேர் மோதும் இடம் இதுதான். காலியாக இருக்கும் ஒரு பணியிடம் வார்டுக்குக் குறை, நிதித்துறைக்கு மிச்சம். அந்தச் சம்பளம் இந்த மாதம் போகவில்லை, அவ்வளவுதான் அவர்கள் பார்வையில். சில இடங்களில் இதைத் திட்டத்திலேயே சேர்த்துவிடுகிறார்கள். எப்படியும் கொஞ்சம் காலியாக இருக்கும் என்று வைத்துக்கொண்டு, அந்த அளவுக்குச் சம்பளப் பணத்தைக் குறைத்தே ஒதுக்குவது. அப்புறம் எல்லா இடத்தையும் நிரப்ப நினைத்தாலும் பணம் இருக்காது. காலியிடம் ஒரு விபத்தாக இருந்த நிலை போய், பட்ஜெட்டைத் தாங்கி நிற்கும் தூணாகிவிடுகிறது. ஆள் எடுப்பு ஆறு மாதம் தள்ளிப்போனால் யாரும் பதறாததற்கு இது ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். தேர்வு, பட்டியல், வழக்கு, சான்றிதழ் சரிபார்ப்பு என்று ஒவ்வொன்றும் தாமதமாகும்போது எங்கோ ஒரு கணக்கு சந்தோஷப்படுகிறது.

வார்டில் அது எப்படி இருக்கும் என்று பார்க்க, முதலில் போட்ட கணக்கை இன்னும் கொஞ்சம் நீட்டலாம். 30 படுக்கை கொண்ட ஒரு வார்டு. ஆறு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்றால் எந்த நேரமும் 5 பேர், மொத்தம் 26 பேரை வேலைக்கு எடுத்திருக்க வேண்டும். 20 பேர்தான் இருக்கிறார்கள் என்று வையுங்கள். ஆளுக்கு 212 நாள் வேலை என்றால் ஒரு நாளைக்கு வருவது 11 அல்லது 12 பேர், தேவையோ 15. வார்டு பொறுப்பு சிஸ்டர் டூட்டி சார்ட் போட உட்காருவார். பென்சிலில்தான் போடுவார், பேனாவில் போட்டால் அடித்து அடித்துத் தாள் கிழிந்துவிடும். காலையில் டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வருவார்கள், ஆபரேஷனுக்கு ஆள் போகும், டிஸ்சார்ஜ் இருக்கும், அங்கே ஐந்தைக் குறைக்க முடியாது. மாலைக்கு நாலு. இரவுக்கு மிஞ்சுவது இரண்டு, நல்ல நாளாக இருந்தால் மூன்று.

அந்த இரண்டு பேர் இருக்கும் இரவில் நான் ஒரு முறை உறவினர் ஒருவருக்குத் துணையாக இருந்திருக்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்பது முக்கியமில்லை. இரவு ஒன்றரை மணிக்கு ஒருவருக்கு வயிற்றுவலி முற்றி ஸ்கேனுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. தள்ளுவண்டி தள்ள ஆள் வரவில்லை, ஒரு சிஸ்டரே கூடப் போனார். மீதி 29 பேருக்கு ஒருவர். கோடியில் ஒரு டிரிப் முடிந்து குழாயில் ரத்தம் ஏறத் தொடங்கியிருந்தது, நடுவில் அன்று மாலைதான் ஆபரேஷன் முடிந்து வந்தவருக்குக் கால் மணிக்கு ஒரு தடவை பி.பி. பார்த்துக் குறிக்க வேண்டும், இந்தப் பக்கம் ஒரு பெரியவர் கட்டிலை விட்டு இறங்கப் பார்க்கிறார். இரண்டு மணிக்குப் போட வேண்டிய ஊசி மூன்றேகாலுக்குப் போட்டார். மன்னிப்புக் கேட்கிற குரலில் கொஞ்சம் லேட்டாயிடுச்சு என்றார், ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது. அவருக்கு அன்று சாப்பிட நேரம் கிடைத்ததா என்று தெரியவில்லை, மேசை மேல் டப்பா திறக்காமலே இருந்தது.

இதெல்லாம் எந்தக் கணக்கிலும் வராது என்று நினைக்க வேண்டாம், வருகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை வைத்து லிண்டா எய்கன் குழுவினர் 2002இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், முப்பது நாளுக்குள் இறக்கும் சாத்தியம் 7 சதவீதம் கூடுவதாக அதில் வந்தது. நர்ஸ்கள் மனதளவில் வெந்துபோவது 23 சதவீதம் கூடியது. 2014இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் பார்த்தபோதும் இறப்பில் அதே 7 சதவீதம்தான். ஆறு பேருக்கு ஒருவர் என்று இருக்க வேண்டிய நம் வார்டில், 20 பேரை வைத்து ஓட்டும்போது சராசரியாக எட்டுப் பேருக்கு ஒருவர், இரவில் பதினைந்து பேருக்கு ஒருவர். பெருக்கிப் பார்க்கும் வேலையை நான் செய்யவில்லை, ஆய்வை அப்படி நீட்டவும் கூடாது, ஆனால் திசை தெரிகிறது.

வெந்துபோவது என்ற அந்தப் பகுதிதான் பணத்துக்கும் திரும்பி வருகிறது. 20 பேரில் இரண்டு பேர் தாங்க முடியாமல் விலகினால் மீதி 18 பேருக்கு இரவு டூட்டி இன்னும் நெருக்கமாக வரும், லீவு கேட்டால் கிடைக்காது, உடம்புக்கு முடியவில்லை என்று போன் வருவது கூடும், அடுத்து இன்னும் இரண்டு பேர் போவார்கள். ஒரு கட்டத்தில் வார்டை மூட முடியாது என்பதால் ஏஜென்சியில் ஆள் கேட்கிறார்கள். மணிக்கணக்கில் கூலி, அதில் ஏஜென்சியின் பங்கு தனி. இங்கிலாந்தில் என்.ஹெச்.எஸ். காலியிடங்கள் 2022இல் 1,30,000ஐத் தாண்டின. அந்த நிதியாண்டில் ஏஜென்சி ஆட்களுக்கு மட்டும் 300 கோடி பவுண்டுக்கு மேல் போனது. ஏஜென்சிக் கூலிக்கு உச்சவரம்பு 2015லேயே வைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். பட்ஜெட்டில் இந்தச் செலவுக்கு இவ்வளவு என்று பிரித்து வைப்பதைத் தலைப்பு என்பார்கள்; சம்பளம் என்ற தலைப்பில் மிச்சம் பிடித்த பணம் வேறு தலைப்பில் கூடுதலாக வெளியே போயிற்று. நிரந்தர வேலையை விட்ட நர்ஸ் ஒருவர் ஏஜென்சி மூலம் அதே வார்டுக்கே வந்து, பக்கத்தில் நிற்கும் பழைய தோழியைவிட அதிகமாக வாங்கிக்கொண்டு போவதும் நடக்கும். அவர் மேல் என்ன தப்பு.

ஒப்பந்த வேலையும் இதன் தம்பிதான். தொகுப்பூதியம், ஓய்வூதியம் கிடையாது, வருடா வருடம் புதுப்பிப்பு. நிதித்துறைக்கு நீண்ட காலச் சுமை இல்லை என்பது லாபம். ஒரே வேலையை இரண்டு சம்பளத்தில் இரண்டு பேர் செய்யும் வார்டில் யாருக்கும் யார் மேலும் நல்ல எண்ணம் இருக்காது என்பதும், வேறு நல்ல வேலை கிடைத்த அன்றே ஒப்பந்தக்காரர் கிளம்பிவிடுவார் என்பதும் எந்தத் தலைப்பிலும் எழுதப்படாத செலவு.

தலைப்பு என்று சொன்னேன் அல்லவா, அதில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் 2019இலிருந்து, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் குடும்ப மருத்துவர் கிளினிக்குகளுக்குக் கூடுதல் ஆள் வைக்கப் பணம் கொடுத்தார்கள். ஆனால் அந்தப் பணத்தில் மருந்தாளுநர், பிசியோதெரபிஸ்ட் போன்றவர்களைத்தான் வைக்கலாம், டாக்டரை வைக்கக் கூடாது. டாக்டர் கிடைப்பதே கஷ்டம், அதனால் மற்றவர்களைக் கூட்டுவோம் என்பது அப்போதைய நியாயம். சில வருடங்களில் என்ன ஆயிற்று என்றால், டாக்டரைப் பார்க்க மக்கள் வாரக்கணக்கில் காத்திருக்க, பயிற்சி முடித்த புது குடும்ப மருத்துவர்கள் வேலை கிடைக்காமல் நின்றார்கள். கிளினிக்கிடம் பணம் இருக்கிறது, நோயாளி இருக்கிறார், டாக்டரும் இருக்கிறார், ஆனால் அந்தப் பணம் அந்த டாக்டருக்கானது இல்லை. 2024இல்தான் விதியைத் தளர்த்தி, 8.2 கோடி பவுண்டு ஒதுக்கி, ஆயிரம் டாக்டர்களையாவது எடுக்கலாம் என்றார்கள்.

தென்னாப்பிரிக்காவில் இதே காட்சி இன்னும் கடுமையாக நடந்தது. அரசு செலவில் படித்து, கட்டாயச் சமூகச் சேவையையும் முடித்த டாக்டர்கள் நூற்றுக்கணக்கில் வேலை கேட்டு வீதிக்கு வந்தார்கள், மருத்துவமனைகளிலோ வரிசை குறையவில்லை. மாகாணங்களிடம் பணியிடத்துக்குப் பணம் இல்லை. 2025 ஏப்ரலில் சுகாதார அமைச்சர் ஏரன் மோட்சோலெடி 1,200 டாக்டர், 200 நர்ஸ், 250 பிற பணியாளர்களை எடுப்பதாக அறிவித்தார். பற்றாக்குறை என்றாலே ஆள் இல்லை என்றுதான் நாம் புரிந்துகொள்கிறோம். பல நாடுகளில் ஆள் இருக்கிறார், அவரை வேலைக்கு வைக்கப் பணியிடம் இல்லை.

ஆப்பிரிக்க நாடுகளில் இதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 2001 ஏப்ரலில் அபுஜா நகரில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள் அரசு பட்ஜெட்டில் 15 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவோம் என்று உறுதி சொன்னார்கள். இன்றுவரை பெரும்பாலான நாடுகள் அந்தக் கோட்டைத் தொடவில்லை. ஆனால் அதே காலத்தில் பல நாடுகள் பன்னாட்டு நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) கடன் திட்டங்களுக்குள் இருந்தன, அவற்றில் சிலவற்றில் அரசின் மொத்தச் சம்பளச் செலவுக்கு உச்சவரம்பு இருந்தது. ஒரு கை ஆள் எடு என்கிறது, இன்னொரு கை எடுக்காதே என்கிறது. கென்யாவில் ஆயிரக்கணக்கான நர்ஸ் காலியிடங்களும் ஆயிரக்கணக்கான வேலையில்லாத நர்ஸ்களும் ஒரே நேரத்தில் இருந்தது அப்போதுதான். கடும் விமர்சனத்துக்குப் பிறகு 2007இல் நிதியம், இப்படிப்பட்ட வரம்புகளை விதிவிலக்கான சூழலில் மட்டும் வைப்பதாகத் தன் நிலையை மாற்றிக்கொண்டது.

மலாவியில் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்கத் தோன்றுகிறது. பொதுவாக வெளிநாட்டு உதவி தருகிறவர்கள் மருந்து தருவார்கள், ஜீப் தருவார்கள், பயிலரங்கம் நடத்துவார்கள், சம்பளம் மட்டும் தர மாட்டார்கள், நாளைக்கு நாங்கள் போன பிறகு யார் கொடுப்பது என்று. 2004இல் மலாவி அரசு அந்த வழக்கத்தை உடைத்தது. பிரிட்டன் போன்றவர்களின் உதவியோடு, முக்கியமான பதினொரு வகைப் பணியாளர்களுக்குச் சம்பளத்தில் 52 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தார்கள், பயிற்சிக் கல்லூரிகளையும் பெருக்கினார்கள். ஐந்தாறு வருடத்தில் அந்தப் பணியாளர்களின் எண்ணிக்கை பாதிக்கு மேல் கூடியது. பெரிய தத்துவம் எதுவும் இல்லை இதில். ஒழுங்கான சம்பளம் கொடுத்தார்கள், போக நினைத்தவர்களில் பலர் தங்கினார்கள்.

படிப்பு, பயிற்சி என்ற பக்கத்தில் நேரம்தான் பிரச்சினை. ஒரு நர்ஸை உருவாக்க மூன்று நாலு வருடம், ஒரு சிறப்பு மருத்துவரை உருவாக்கப் பத்து வருடத்துக்கு மேல். தேர்தல் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வரும். இன்று கல்லூரி இடத்தைக் கூட்டுகிற அமைச்சர் பலனைப் பார்க்க மாட்டார், வெட்டுகிற அமைச்சர் பாதிப்பையும் பார்க்க மாட்டார். இங்கிலாந்தில் 2017இல் நர்ஸிங் மாணவர்களுக்கான உதவித்தொகையை நிறுத்திக் கடன் வாங்கிப் படியுங்கள் என்றார்கள், 2020இல் வருடத்துக்குக் குறைந்தது 5,000 பவுண்டு என்று வேறு வடிவில் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2023இல் வந்த நீண்ட காலத் திட்டத்தில் மருத்துவப் படிப்பு இடங்களை 7,500இலிருந்து 15,000 ஆக்க 2031 வரை அவகாசம் வைத்தார்கள். நடுவில் இருக்கும் ஓட்டையை அடைக்க ஒரே வழி, வேறு நாடு படிக்கவைத்தவர்களைக் கூப்பிட்டுக்கொள்வது. ஏழை நாட்டின் வரிப்பணத்தில் உருவான நர்ஸ் பணக்கார நாட்டின் வார்டில் நிற்பார். இதைக் கட்டுப்படுத்த 2010இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு நெறிமுறை கொண்டுவந்தது, 2023இல் 55 நாடுகளைப் பட்டியல் போட்டு அங்கிருந்து வலிந்து ஆள் எடுக்காதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டது. கட்டாயம் கிடையாது. தனி மனிதராக அந்த நர்ஸ் போவதை நான் குறை சொல்ல மாட்டேன். நல்ல சம்பளமும் மரியாதையும் கிடைக்கும் இடத்துக்கு யாராக இருந்தாலும் போவார்கள்.

நாட்டுக்குள்ளேயும் இதே ஓட்டம்தான், கிராமத்திலிருந்து நகரத்துக்கு. மொத்த எண்ணிக்கை போதுமானதாக இருந்தும் தொலைதூர மருத்துவமனை காலியாக இருக்கும். தாய்லாந்து இதில் பொறுமையாக வேலை செய்த நாடு. 1970களிலிருந்தே மருத்துவப் பட்டதாரிகளுக்குக் கிராமப் பணியைக் கட்டாயமாக்கியது, தொலைதூரத்துக்குப் போகிறவர்களுக்குக் கூடுதல் படி கொடுத்தது, 1990களில் கிராமப்புற மாணவர்களையே தேர்ந்தெடுத்துப் படிக்கவைத்து அவர்கள் பகுதிக்கே திருப்பி அனுப்பும் திட்டத்தையும் தொடங்கியது. 2002இல் எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு என்று அறிவித்தபோது மாவட்ட அளவில் சிகிச்சை தர ஆள் இருந்தார்கள். காப்பீடு அறிவிப்பது ஒரு நாள் வேலை, அதைத் தாங்கும் ஆட்களைச் சேர்க்க அவர்களுக்கு முப்பது வருடம் ஆயிற்று.

இவ்வளவு சொன்ன பிறகு எதிர்த் திசையில் இருக்கும் ஒரு சங்கடத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் இது யூனியன் துண்டறிக்கை ஆகிவிடும். ஆளைக் கூட்டியும் வேலை கூடாமல் போவதுண்டு. 2024 செப்டம்பரில் அறுவை சிகிச்சை நிபுணர் ஆரா டார்ஸி இங்கிலாந்தின் என்.ஹெச்.எஸ். பற்றிக் கொடுத்த அறிக்கையில், 2019க்குப் பிறகு மருத்துவமனை ஊழியர்கள் 17 சதவீதம் கூடியிருந்தும் அந்த அளவுக்கு நோயாளிகள் பார்க்கப்படவில்லை என்று வந்தது. ஊழியர்கள் சோம்பேறி ஆகிவிட்டார்களா? அவர் காட்டிய காரணங்கள் வேறு. 2010களில் கட்டடத்துக்கும் கருவிக்கும் கணினிக்கும் செலவழிக்காமல் விட்டது மற்ற நாடுகளோடு ஒப்பிட்டால் 3,700 கோடி பவுண்டு. ஸ்கேன் இயந்திரம் பழசு, கூரை ஒழுகுகிறது, கணினி திறக்கவே பத்து நிமிடம். அதோடு 13 சதவீதப் படுக்கைகளில், வீட்டுக்கோ பராமரிப்பு இல்லத்துக்கோ போக வேண்டியவர்கள் போக வழியில்லாமல் படுத்திருந்தார்கள். படுக்கை காலியாகாவிட்டால் அறுவை சிகிச்சை செய்ய டாக்டர் தயாராக இருந்தும் நடக்காது. சம்பளத்துக்கு வழி செய்யக் கருவிப் பணத்தை எடுத்து, கடைசியில் அந்தச் சம்பளமும் பாதி வீண். முன்பு ஆளில்லாத கட்டடம் பற்றிச் சொன்னேன், இது கட்டடமில்லாத ஆள்.

நிர்வாக ஊழியர்களைக் குறைத்தால் போதும் என்கிற வாதத்துக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. பேப்பர் தள்ளுகிறவர்களை அனுப்பிவிட்டு டாக்டரை எடுங்கள் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கும். எழுத்தரை அனுப்பிய பிறகு அந்த பேப்பரைத் தள்ளுவது டாக்டர்தான், எழுத்தரின் சம்பளத்தைவிடப் பல மடங்கு சம்பளத்தில். தள்ளுவண்டிக்கு ஆள் இல்லாததால் அன்று இரவு சிஸ்டர் ஸ்கேனுக்குப் போனதும் இந்தக் கணக்கில்தான் சேரும். நிஜமாகவே வெட்ட வேண்டிய அலுவலகங்கள் இல்லை என்று சொல்ல வரவில்லை, எந்த வேலை யாருக்குக் கைமாறுகிறது என்று பார்க்காமல் தலையை எண்ணி வெட்டுவது செலவைக் கூட்டும்.

ஆளுக்குச் செலவழித்தால் திரும்பி வருமா என்பதற்கு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் ஒரு பதில் கிடைத்தது. 2016 ஜூலையிலிருந்து குறிப்பிட்ட வார்டுகளில் பகலில் நாலு நோயாளிக்கு ஒரு நர்ஸ், இரவில் ஏழு பேருக்கு ஒருவர் என்று சட்டமே போட்டார்கள். அதற்கு முன்பே கலிபோர்னியா 1999இல் சட்டம் இயற்றி 2004இலிருந்து இப்படி ஒரு விகிதத்தை நடைமுறைப்படுத்தியிருந்தது. குயின்ஸ்லாந்தில் சட்டம் வந்த மருத்துவமனைகளையும் வராதவற்றையும் ஒப்பிட்டு 2021இல் வந்த ஆய்வில், நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பியதாலும் மறுபடி வந்து சேர்வது குறைந்ததாலும் மிச்சமான பணம், கூடுதல் நர்ஸ்களுக்கான செலவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது. இதில் ஒரு சிக்கல், செலவு இந்த வருடச் சம்பளத் தலைப்பில் வரும், மிச்சம் அடுத்த வருடம் வேறு எங்கோ காலியான படுக்கையாக வரும். காலியான படுக்கையை யாரும் கருவூலத்தில் கட்ட முடியாது, அதில் அடுத்த நோயாளி வந்து படுத்துவிடுவார்.

பட்ஜெட் புத்தகத்தில் ஒரே செலவுக்கு மூன்று பத்தி இருக்கும். வருடத் தொடக்கத்தில் ஒதுக்கியது, நடுவில் திருத்தியது, கடைசியில் உண்மையில் செலவானது. செய்தியில் வருவது முதல் பத்தி, நான் இப்போதெல்லாம் இரண்டு வருடம் பின்னால் போய் மூன்றாவதைத்தான் முதலில் பார்க்கிறேன். சம்பளத் தலைப்பில் ஒதுக்கியதும் செலவானதும் வெகுதூரம் விலகி நின்றால் அங்கே நிரப்பாத பணியிடங்கள் இருக்கின்றன. புதிதாக 500 நர்ஸ் என்று அறிவிப்பு வந்தால் ஐந்தால் வகுத்துக்கொள்கிறேன், எந்த நேரத்திலும் வார்டுகளில் கூடுதலாக நிற்கப்போவது 100 பேர். அதில் இந்த வருடம் ஓய்வு பெறுகிறவர்களைக் கழிக்க வேண்டும். எடுக்கப்பட்டவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே அதே வார்டுகளில் ஒப்பந்தத்தில் இருந்தவர்கள் என்றால் இன்னும் கழிக்க வேண்டும். அவர்கள் சம்பளம் ஒழுங்காகியிருக்கும், அது நியாயம்தான். இரவு டூட்டிக்கு அதே இரண்டு பேர்தான் வருவார்கள்.